கட்டிலுக்கடியில் இருந்தவர்

மந்தைவெளி
3-10-1976, ஞாயிறு

அன்புள்ள அத்தானுக்கு,

சுந்தரவல்லி எழுதுவது. எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்களுக்கு எப்படி இருக்கிறது என்பதை அடுத்த தடவையாவது ஒரு வரி எழுதுங்கள். போன கடிதம் முழுக்க ஓணானைப் பற்றிய கேள்விதான். எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. இந்த எட்டு மாதத்தில் சிறையிலிருந்து நீங்கள் என்னைக் கேட்ட கேள்விகளை எண்ணவில்லை.

கேட்டதற்குப் பதில். நாடார் கடைத் தராசில் நிறுத்தேன், நானூற்று முப்பது கிராம் இருக்கிறது. கடைக்காரர் தட்டை இரண்டு முறை கழுவினார். முதுகில் தோல் உரிந்துவிட்டது, வாலில் மட்டும் வளையமாக நிற்கிறது. நீங்கள் சொன்னபடி வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் விடுகிறேன், பிய்த்து இழுக்கவில்லை. காலையில் முருங்கைக்கீரையும் பூசணிப்பூவும் முட்டையோட்டுப் பொடி தூவி வைக்கிறேன். வெட்டுக்கிளிக்கு ரஹ்மான் பாய் இருக்கிறார். பட்டினப்பாக்கம் புதரில் பிடித்து, ஓட்டை போட்ட பால்பவுடர் டப்பாவில் கொண்டுவருகிறார். வந்ததும் "இன்னா தங்கச்சி, ஆஸ்திரேலியா மாப்ள துன்னுட்டாரா?" என்றுதான் கேட்கிறார். உங்களோடு கப்பலில் சமையல் பண்டாரியாக இருந்தவரல்லவா, யார் சாப்பிட்டார்கள், யார் சாப்பிடவில்லை என்பதுதான் அவருக்கு முதல் கவலை. வெள்ளிக்கிழமை அவர் மனைவி ஷாகிரா எனக்குக் கறி கொடுத்தனுப்பினாள். கீழ்வீட்டு மாமிக்கு வாடை ஆகாது என்பதால் பின்படி வழியாக வந்து கொடுத்துவிட்டுப் போனார்.

மொட்டை மாடியில் வெயில் காய வைத்திருந்தபோது பக்கத்து வீட்டுப் பூனை வந்தது. ஓணான் வாயைத் திறந்து, கழுத்து முள்ளையெல்லாம் விரித்து, தாடியைக் கரிபோல ஆக்கிக்கொண்டது. பூனை சுவர் ஏறி ஓடிவிட்டது. தாடிக்காரர் என்று நீங்கள் பெயர் வைத்தது சரிதான்.

கல்யாணராமன் மாமா வாடகை வாங்க வந்தவர், "ஏம்மா, உங்காத்து ஜந்து நான் எது சொன்னாலும் ஆமாம் ஆமாம்னு தலையை ஆட்டறது. என் ஆம்படையாள் முப்பது வருஷத்துல ஒரு தடவை இப்படி ஆட்டினதில்லே" என்றார். ரேடியோவில் செய்தி ஆரம்பித்தால் போதும், ஓணான் தலையை ஆட்ட ஆரம்பித்துவிடுகிறது. செய்தி முடிகிறவரை நிறுத்துவதில்லை.

உங்கள் உடம்பைப் பற்றி எழுதுங்கள்.

சுந்தரவல்லி


சிறை, சென்னை
11-10-1976

அன்புள்ள சுந்தரவல்லிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை கைக்கு வந்தது. நான் நன்றாக இருக்கிறேன். நீ கேட்ட ஒரு வரி இது.

கடிதத்தின் கடைசிப் பகுதியில் ஒன்பது வரி கறுப்பு மை பூசி வந்தது. மாமா வாடகைக்கு வந்தார் என்பது வரை தெரிகிறது, பிறகு ஒன்றும் இல்லை. காரணத்தை அலுவலகத்தில் சொன்னார்கள். அதை எழுதினால் இந்தக் கடிதமும் அப்படியே வரும். ஆகையால் காரணம் வேண்டாம், செய்ய வேண்டியதை மட்டும் சொல்கிறேன். பிராணியின் இனத்தை எழுதாதே. தலை அசைவதை எழுதவே எழுதாதே. அது, இது என்று அஃறிணையில் எழுதாதே, யாரையோ இழிவாகச் சொல்வதாகப் படுகிறதாம். வீட்டில் கூப்பிடுகிற பெயரை எழுது. உயர்திணையில், 'ர்' விகுதி போட்டு எழுது. மரியாதையாக எழுதியதை யாரும் அடிக்க மாட்டார்கள்.

மழை தொடங்கப் போகிறது. வெயில் குறைந்தால் அவர் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வார். வருஷா வருஷம் பார்த்ததுதான். ஆனால் ஒவ்வொரு மழைக்காலமும் நான் பக்கத்தில் இருந்தேன். இப்போது அவருக்கு எட்டு வயது நடக்கிறது. ஆஸ்திரேலியாவில், பிரீமாண்டில் துறைமுகத்தில் வாங்கியபோது என் உள்ளங்கைக்குள் அடங்கினார். இங்கே பகல் நீளம். மாலை ஆறு மணிக்குப் பூட்டினால் காலை வரை நான் நினைத்துக்கொள்வது அவருக்கு என்ன கொடுத்திருப்பாய், எங்கே படுத்திருப்பார் என்பதைத்தான். இங்கே சிலர் கணக்குப் போடுகிறார்கள், சிலர் தமக்குள் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு இது.

அவரை எப்படியாவது உயிரோடு வைத்திரு.

வெள்ளைத்துரை


மந்தைவெளி
7-11-1976, ஞாயிறு

அன்புள்ள அத்தானுக்கு,

தீபாவளி போன சுவடு தெரியவில்லை. நான் எண்ணெய் தேய்த்துக் குளித்தேன், அவ்வளவுதான். பன்னிரண்டு நாளாக மழை. தெருவில் முழங்கால் தண்ணீர்.

நீங்கள் சொன்ன முறையிலேயே எழுதுகிறேன். தாடிக்காரர் தீபாவளிக்கு மறுநாளிலிருந்து சாப்பிடவில்லை. பூவைக் காட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கட்டிலுக்கு அடியில் போனவர் வெளியே வரவே மாட்டேன் என்கிறார். பகலா இரவா என்பது அவருக்கு ஒன்றுதான். யாராவது படியேறி வரும் சத்தம் கேட்டால் இன்னும் உள்ளே நகர்ந்துகொள்கிறார். எனக்குப் பயமாக இருந்தது, ஒரு தடவை மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு இருக்கிறது.

ரஹ்மான் பாய்க்கு இப்போது பிடித்துவர ஒன்றும் இல்லை. இருந்தாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து தாடிக்காரரைக் குனிந்து பார்த்துவிட்டுப் போகிறார். வரும்போது தூக்கில் சாப்பாடு. எத்தனை சொன்னாலும் இரண்டு ஆள் சாப்பாட்டுக்குக் குறைந்து அவருக்குக் கட்டத் தெரியாது. கல்யாணராமன் மாமாவுக்குத் தெரியக் கூடாது என்பதால் வழக்கம்போலப் பின்படி.

முந்தாநாள் பாய் சொன்னார்: "பயப்படாதே தங்கச்சி. மழை விடட்டும், அவரே எந்திரிச்சி வருவாரு."

நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்களா? சீக்கிரம் எழுதுங்கள். தனியாக முடிவெடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

சுந்தரவல்லி


சிறை, சென்னை
15-11-1976

அன்புள்ள சுந்தரவல்லிக்கு,

உன் கடிதம் ஒரு சொட்டுக் கறுப்பு இல்லாமல் முழுதாக வந்தது. பார்த்தாயா, நான் சொன்ன முறை சரி.

பயப்பட வேண்டாம். ரஹ்மான் சொன்னதே சரி. அவரை எழுப்பாதே. சாப்பிட வற்புறுத்தாதே, இந்த நிலையில் வயிற்றில் தங்கினால் அழுகி ஆளையே கொன்றுவிடும். தை பிறந்து வெயில் ஏறினால் தானே வெளியே வருவார். அதுவரை தேயிலைப் பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, என் பழைய கம்பளிச் சட்டையை உள்ளே விரித்து, அதற்குள் விடு. மேலே சாக்குப் போட்டு மூடிக் கட்டிலுக்கடியில் சுவரோரமாகத் தள்ளிவை. வெளிச்சம் படக் கூடாது. மாடிக்கு வேற்று ஆட்களை விடாதே. ரஹ்மானைத் தவிர யாருக்கும் இடத்தைக் காட்டாதே. வேடிக்கை பார்க்க வருகிறவன் குச்சியால் குத்துவான். வாரம் ஒரு நாள் ஈரப் பஞ்சால் வாயோரம் நனைத்தால் போதும்.

இந்த இரண்டு மாதத்தைக் கடத்திவிட்டால் அவரைப் பற்றிக் கவலை இல்லை. பொங்கலுக்குள் எங்களில் சிலரை விடுவார்கள் என்று ஒரு பேச்சும் இருக்கிறது.

உன் உடம்பையும் பார்த்துக்கொள்.

வெள்ளைத்துரை


மந்தைவெளி
28-11-1976, ஞாயிறு

அன்புள்ள அத்தானுக்கு,

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருமா என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு ஐந்து போலீஸ்காரர்கள் வந்தார்கள். தாடிக்காரர் எங்கே என்று கேட்டார்கள். யாரும் இல்லை என்றேன். சமையலறை, மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பார்த்தார்கள். கட்டிலுக்கடியில் டார்ச் அடித்தார்கள். பெட்டியைப் பார்த்து இதென்ன என்றார்கள். பழைய சாமான் என்றேன். ஆள் ஒளியக்கூடிய அளவு இல்லை என்று விட்டுவிட்டார்கள். கிளம்புகிற நேரம். அப்போது ரஹ்மான் பாய் தூக்கை எடுத்துக்கொண்டு பின்படியில் ஏறி வந்தார்.

அவர் தாடியைப் பார்த்ததும் அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். தூக்கையும் எடுத்துக்கொண்டார்கள். எந்த ஸ்டேஷன் என்று சொல்லவில்லை. நேற்று ஷாகிரா மூன்று இடத்தில் போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

தாடிக்காரர் பத்திரமாக இருக்கிறார்.

சுந்தரவல்லி


சிறை, சென்னை
8-12-1976

அன்புள்ள சுந்தரவல்லிக்கு,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. எழுதியிருப்பாய். ஏன் வரவில்லை என்பது எனக்கு நேற்றுத்தான் புரிந்தது.

நேற்றுக் காலை தண்ணீர்த் தொட்டியடியில் விசாரணைக் கைதிகள் வரிசையில் ரஹ்மானைப் பார்த்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. முன்னால் போய் நின்ற பிறகுதான் பார்த்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "துரை, எவன்டா அந்தத் தாடிக்காரன்? உன் ஊட்டு கட்டிலுக்குக் கீழே படுத்துகினு இருந்தது நான்தானாம். இல்லாட்டி அவன் எங்கேன்னு சொல்லுன்றானுங்க. எனக்கு சிரிப்பு வந்துச்சுடா. சிரிச்சதுக்குத்தான் மொதல்ல"

(எழுதி அடிக்க வைப்பதைவிட நானே இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.)

மாப்ள என்றே கூப்பிடுகிறவருக்குத் தாடிக்காரர் என்ற பெயர் தெரியாது. எங்கள் தொழிற்சங்கச் செயலாளர் சர்தார் தலைமறைவாகிப் பதினெட்டு மாதம் ஆகிறது. அவருக்குத் தாடி உண்டு. தீபாவளிக்குப் பிறகு கடிதம் படிக்கிறவர் புதியவர் என்று இங்கே சொல்கிறார்கள். பழைய கடிதங்கள் அவர் பார்க்காதவை. நம் இருவர் கடிதத்தையும் அவர் கண்ணால் படித்துப் பார்த்தேன். நானாக இருந்தாலும் ஆள் அனுப்பியிருப்பேன்.

இனி எழுதுவது இதைப் படிக்கும் அதிகாரிக்கும் சேர்த்து. தாடிக்காரர் என்று நாங்கள் எழுதியது ஓர் ஓணானை. ஆஸ்திரேலியாவிலிருந்து 1969இல் நான் கொண்டுவந்தது. நாலு கால், ஒரு வால். மழைக்காலத்தில் தூங்கும். அது மனிதன் அல்ல, சர்தார் அல்ல, ஹபீபுர் ரஹ்மானும் அல்ல. உயர்திணையில் எழுதச் சொன்னவன் நான். ரஹ்மானுக்குத் தெரிந்த அரசியல் சோறும் மீனும்தான்.

சுந்தரவல்லி, அதை எடுத்துக்கொண்டு போய்க் காட்டு. ரஹ்மானின் வழக்கு எந்த ஸ்டேஷனில் என்று ஷாகிராவிடம் தெரிந்துகொள். எழுப்பினால் பிழைக்குமா என்று யோசிக்காதே.

வெள்ளைத்துரை


மந்தைவெளி
18-12-1976, சனி

அத்தானுக்கு,

ரஹ்மான் பாய்க்கு ஆஜராகும் வக்கீல் ராஜகோபாலன் உங்களையும் பார்க்க அனுமதி வாங்கியிருக்கிறார். இதை அவர் கையில் தருகிறேன். இடையில் யாரும் படிக்க மாட்டார்கள். அதனால் ஓணான் என்றே எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள், பன்னிரண்டாம் தேதி, தேயிலைப் பெட்டியோடு ரிக்‌ஷாவில் போனேன். மழை. பெட்டியை மடியில் வைத்துக் குடையைப் பெட்டிக்குப் பிடித்தேன். ஸ்டேஷனில் இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ரைட்டர் வந்து சாக்கைத் தூக்கிப் பார்த்து, "இன்னாம்மா, ஓணானைத் தூக்கிகினு வந்துட்டே, எப்.ஐ.ஆர். போடணுமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் உள்ளே கூப்பிட்டார்.

மேஜை மேல் வைத்தேன். அது தூக்கத்திலேயே இருந்தது. சுருங்கி, கண் மூடி, காய்ந்த கட்டை மாதிரி. இன்ஸ்பெக்டர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"தாடி எங்கம்மா?"

கோபம் வந்தால் வரும் என்றேன்.

"வரச் சொல்லு."

நான் தட்டினேன். தடவினேன். வாலைப் பிடித்து இழுத்தேன். ஏழு வருஷத்தில் ஒரு நாள் அதன் வாலை நான் இழுத்ததில்லை. அசையவில்லை. அதற்குள் வாசலில் எட்டுப் பேர் கூடிவிட்டார்கள். "சவரம் பண்ணிகினு வந்துட்டாரும்மா உங்க ஆளு" என்று ஒருவர் சொன்னார். ரைட்டர் ரூல்தடியை எடுத்து அதன் விலாவில் குத்தினார். ஒரு முறை, இரண்டு முறை. மூன்றாவது முறை பலமாக. அது கண்ணைத் திறந்தது. வாயைத் திறந்தது. கழுத்து விரிந்து முள்ளெல்லாம் நின்று கறுத்தது. வாசலில் நின்றவர்கள் பின்வாங்கினார்கள்.

"சரி, இதான் தாடிக்காரன்" என்றார் இன்ஸ்பெக்டர். நம்பிவிட்டார் என்று நினைத்தேன். அவர் பேப்பரைப் புரட்டினார். "அப்ப அன்னிக்கு ஏம்மா இதைக் காட்டல? தாடிக்காரர் எங்கேன்னு கேட்டதுக்கு யாரும் இல்லன்னு சொன்னே, எழுதியிருக்கு. பெட்டியில இன்னான்னா பழைய சாமான்னு சொன்னே, அதுவும் எழுதியிருக்கு. யாருமே இல்லாத வூட்டுக்கு அந்தாளு ரெண்டு பேரு சோறு எதுக்கு எடுத்துகினு வந்தான்? இதை எவன்கிட்டயோ வாங்கி இன்னிக்குக் கொண்டாந்தியோ என்னவோ, எனக்கு எப்படித் தெரியும்?"

சாக்கை இழுத்து மூடினேன். பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஓணான் அதற்குப் பிறகு தூங்கவில்லை. தூங்காமலும் சாப்பிடாமலும் கண்ணைத் திறந்தபடி விளக்கடியில் கிடந்தது. பல்பைப் பக்கத்தில் வைத்தேன், தண்ணீர் சொட்டு விட்டேன். விலாவில் குத்திய இடம் வீங்கியிருந்தது. புதன்கிழமை விடியற்காலை செத்துவிட்டது. பின்புறம் செம்பருத்திச் செடியடியில் புதைத்தேன். கல்யாணராமன் மாமா மண்வெட்டி கொடுத்தார்.

அன்று மத்தியானம் மீர்சாகிப்பேட்டையில் பாய் வீட்டுக்குப் போனேன். ஷாகிரா கதவைப் பாதிதான் திறந்தாள். அவள் சிறையில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். பாய்க்கு இடது காது கேட்கவில்லையாம். தாடியில் ஒரு பக்கம் கொத்தாகப் பிடுங்கியிருக்கிறார்களாம். "போலீஸ்காரன் வந்தப்போ நீ ஊட்லதானே இருந்தே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "ஓணானும் அங்கதானே இருந்துச்சு?" ஆமாம் என்றேன். "அப்ப ஏம்மா உன் வாயில ஓணான்னு ஒரு சொல்லு வரல? மூணு எழுத்துதானே?"

இதை நீங்கள் என்னிடம் கேட்கவில்லை. இன்ஸ்பெக்டர் கேட்டது வேறு. அவருக்குச் சொல்லாததை அவளுக்குச் சொன்னேன், உங்களுக்கும் எழுதுகிறேன். போலீஸ்காரர்கள் கேட்ட முதல் வார்த்தையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. கடிதத்தில் எழுதியதைத்தான் கேட்கிறார்கள் என்று தெரிந்தது. ஐந்து பேர் கையிலும் லத்தி. பெட்டியைத் திறந்து காட்டினால் ஒரே போடு, முடிந்துவிடும். உயிரோடு வைத்திரு என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். இன்னும் இரண்டு நிமிஷம் பேசாமல் இருந்தால் போய்விடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். பின்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அப்போதும் சொல்லியிருக்கலாம். பாயின் கையை அவர்கள் பிடித்தபோதும் சொல்லியிருக்கலாம். அவர் என்னைப் பார்த்து, "இன்னா தங்கச்சி, யாரு இவங்கோ?" என்றார். நான் கட்டிலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். நகரவில்லை.

ஷாகிரா நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

வக்கீலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கு நான் போலீஸிடம் பொய் சொன்னேன், ஏன் சொன்னேன் என்பதை மாஜிஸ்டிரேட் முன்னால் வாக்குமூலமாகக் கொடுத்தால், ரஹ்மான் பாயை வைத்திருக்கக் காரணம் இல்லாமல் போகும் என்கிறார். என்மேல் வழக்கு வரலாம். வாக்குமூலத்தில் உங்கள் கடிதங்களையும் சேர்க்க வேண்டும், அதில் உங்கள் கட்டளை எல்லாம் இருக்கிறது. பொங்கலுக்குள் விடுவதாகச் சொன்ன பட்டியலில் உங்கள் பெயர் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. இதற்குப் பிறகு இருக்காது என்கிறார். "யோசிச்சு சொல்லுங்கோ, அவரையும் ஒரு வார்த்தை கேட்டுடுங்கோ" என்று இரண்டு நாள் தவணை கொடுத்தார்.

திங்கட்கிழமை பத்தரை மணிக்குச் சைதாப்பேட்டைக் கோர்ட்டுக்குப் போகிறேன். வீட்டைப் பூட்டிச் சாவியைக் கல்யாணராமன் மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போவேன். திரும்பி வந்து வாங்கிக்கொள்வேனா என்பது தெரியாது.

உங்களைக் கேட்டு எழுத இரண்டு நாள் நேரம் இருந்தது. நான் கேட்கவில்லை.

சுந்தரவல்லி